ஏழுமலையின் முதுகு

ஒலக்கூர்,
10.8.2025

அன்பு மகள் அருணாவுக்கு,

உன் அப்பா சிங்காரம் எழுதுவது. நானே எழுதுகிறேன். யாரும் சொல்லச் சொல்ல எழுதவில்லை, யாரும் கையைப் பிடிக்கவுமில்லை. நீ நம்பமாட்டாய் என்று கலைப்பிரியா சொல்கிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயந்திரம் எழுத்தறிவு வகுப்பு எடுக்கிற பெண் அது. உன் அம்மா போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. உன் தம்பி தமிழ்மணிக்குப் போனைப் பார்க்கவே நேரம் போதவில்லை. அதனால் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கீழத்தெரு கோவிந்தம்மாளும் வருகிறாள். "பல்லு போன வயசுல பாடம் படிக்க வந்துட்டாரு பாரு மாமா" என்று முதல் நாளே கேலி. அவளுக்கு மட்டும் பல் இருக்கிறதா என்ன.

இப்போது நான் எல்லாவற்றையும் படிக்கிறேன். திண்டிவனம் பஸ்ஸின் போர்டைப் படிக்கிறேன். உர மூட்டையைப் படிக்கிறேன். மல்லாட்டை மடித்துக் கொடுக்கிற காகிதத்தைக்கூட, கடலையைத் தின்று முடித்த பிறகு பிரித்துப் படிக்கிறேன். இத்தனை வருஷம் இவ்வளவு பேச்சு என்னைச் சுற்றி எழுதிக் கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

சங்கதி அதுவல்ல. நீ விட்டுவிட்டுப் போன தகரப் பெட்டியில் ஒரு புத்தகம் இருந்தது. 'கோடி போன வருஷம்' என்ற நாவல். வகுப்புப் பாடம் முடிந்ததும் அதைத்தான் எடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு. ஏழுமலை என்று ஒரு விவசாயி, அவன் மகள் செந்தாமரை, ஏரிக்கரையில் ஓர் ஊர். இதை எழுதினவன் நம் ஊருக்கு எப்போது வந்தான் என்று யோசித்துக்கொண்டே படிக்கிறேன். மகளுக்கு வாங்கின பாவாடையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தையிலிருந்து மழையில் நடந்து வருகிறானே ஏழுமலை, அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நன்றாகச் சிரித்தேன். நல்ல மனுஷன்.

இப்போது கேள். அந்தக் கதையைச் சினிமாவாக எடுக்கப் போகிறார்கள். எங்கே தெரியுமா? நம் ஏரியில்! போன வாரம் வந்து கரை முழுக்க நடந்து பார்த்தார்கள். டைரக்டர் ஒரு பெண். என்னையும் "ஐயா" என்றுதான் கூப்பிட்டது. நான் அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அது அப்படியே நின்றுவிட்டது. "எந்த எடம் ஐயா படிச்சிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டது. பெரிய படிப்பாளியைக் கேட்பதுபோல என்னைக் கேட்டது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் படப்பிடிப்பு. உனக்குப் பிடித்த புத்தகம். நீ வந்து பார்க்க வேண்டும். வீட்டு விலாசம் தெரியாததால் நீ வேலை பார்க்கிற முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கே இதை அனுப்புகிறேன். இதை எழுத நான்கு சாயந்திரம் ஆயிற்று.

உன் அப்பா,
சிங்காரம்


விழுப்புரம்,
24.8.2025

திரு. சிங்காரம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வார்டில் எல்லோர் முன்பும் தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனார். யாரிடமிருந்து என்று கேட்டார்கள். தெரிந்தவர் என்றேன்.

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது நல்ல விஷயம். அதை மனதாரத்தான் சொல்கிறேன்.

படம் எடுப்பது எனக்கு முன்பே தெரியும். விழுப்புரத்தில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் புத்தகங்கள் பற்றிப் பேசுவோம். இந்தச் செய்தி வந்ததிலிருந்து வேறு எதையும் பேசவில்லை. செந்தாமரையாக யார் நடிக்க வேண்டும் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. ராயப்பன் சார் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், இந்த நாவலை வருஷத்துக்கு ஒரு முறை படிக்கிறவர். "அந்த ஏரிய மட்டும் கம்ப்யூட்டர்ல போட்டானுங்கன்னா நான் தியேட்டர்லயே எழுந்து கத்துவேன்" என்கிறார். ஏரி நிஜமான ஏரி என்று உங்கள் கடிதத்தால் தெரிந்தது. அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அது என் ஊர் என்றும் சொல்ல வேண்டிவரும்.

நீங்கள் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். வந்திருந்தால் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கமாட்டீர்கள். செந்தாமரை தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு ஏழுமலை என்ன செய்கிறான் என்று படியுங்கள். உயிரோடு இருக்கிற மகளுக்காக ஏரியில் இறங்கித் தலை முழுகுகிறான். பானையை உடைத்துத் துண்டைத் தண்ணீரில் விட்டு, திரும்பிப் பார்க்காமல் கரை ஏறுகிறான். அதோடு அவள் செத்தவள்.

2011இல் நான் தேவசகாயத்தைக் கட்டிக்கொண்டேன். வேதக்காரப் பையன் வீட்டுக்குப் போனவள் என் மகள் இல்லை என்று நீங்களும் அதே ஏரியில் அதையே செய்தீர்கள். நான் அந்த நாவலை ஊரை விட்டு வருவதற்கு முன்பே படித்திருந்தேன். அதனால் எனக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்பதுபோல இருந்தது. அதுதான் அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில்தான் இறந்தாள். அவள் கண்ணை மூடியது என் கை. அம்மாவை ஏற்றிய வண்டியில் நானும் ஏறப் போனபோது தமிழ்மணி, "நீ ஏறாதக்கா, ஊர்ல பங்காளிங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றான். பஸ் பிடித்து வந்து ஒலக்கூரில் ரேஷன் கடையோரம் நின்றேன். செத்தவள் சாவுக்கு வரக்கூடாதாம். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அது எனக்குத் தெரியும்.

செத்தவள் சினிமா ஷூட்டிங்குக்கும் வரமாட்டாள். அந்தப் புத்தகம் மட்டும் என்னுடையது. தபாலில் அனுப்பிவிடுங்கள்.

அருணா


ஒலக்கூர்,
21.9.2025

அன்பு மகள் அருணாவுக்கு,

உன் எழுத்து அச்சடித்ததுபோல இருக்கிறது. யாரையும் கேட்காமல் நானே படித்தேன். படித்துவிட்டு வயலுக்குப் போய்விட்டேன். கேப்பைக்குக் களை எடுக்க வேண்டியிருந்தது. வந்து மறுபடியும் படித்தேன்.

ரேஷன் கடையோரம் நீ நின்றதைப் பார்த்தேன். மஞ்சள் புடவை. பங்காளிகள் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

அந்தப் பக்கத்தையும் படித்துவிட்டேன். ஆனால் பார், எழுதினவன் எவ்வளவு கெட்டிக்காரன்! ஏழுமலை தண்ணீரில் இறங்கும்போது காலடியில் சேறு புதைகிறது, நண்டு வளையில் கால் இடறுகிறது என்று எழுதியிருக்கிறான். எனக்கும் அப்படித்தான் இடறியது. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. பிறகு இவனுக்கு யார் சொன்னது? எனக்கு ஒருத்தன் கூட இருந்ததுபோல ஆகிவிட்டது. இத்தனை வருஷமாக நான் மட்டும்தான் அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன்.

புத்தகத்தை அனுப்பச் சொல்கிறாய். இன்னும் முடிக்கவில்லை. முடித்துவிட்டு அனுப்புகிறேன். முடிவை மட்டும் நீ எழுதிவிடாதே. கோவிந்தம்மாளுக்கு அவள் பேரன் முடிவைச் சொல்லிவிட்டான் போல. என்னிடம் வந்து, "சொல்லட்டுமா மாமா, சொல்லட்டுமா?" என்று ஒரு வாரமாக உசுரை வாங்குகிறாள். பாரதக் கூத்தில் துரியோதனன் விழுவான் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். அது வேறு. இதில் எனக்கு முடிவு தெரியாமல் இருப்பதுதான் நன்றாக இருக்கிறது. ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிற நாளில் செந்தாமரை திரும்பி வருவாள் என்று எனக்குத் தோன்றுகிறது. கதையில் ஏரிக்குத் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது.

தலை முழுகியதைத் திருப்ப ஏதாவது சடங்கு உண்டா என்று சீனுவாசனைக் கேட்டேன். நம் பங்காளிகளில் முக்கியமானவன், அன்று எனக்குப் பானையை எடுத்துக் கொடுத்தவன். பூசை உண்டா, பரிகாரம் உண்டா என்றேன். "அதெல்லாம் ஏது? அடக்கம் பண்ணத தோண்டியா எடுப்பாங்க? பேசாம போண்ணா" என்றான். வழி இருந்தால் யாராவது முன்பே செய்திருப்பார்கள். உன்னைப்போலத் தலை முழுகிவிட்ட பெண்கள் இந்த ஊரில் இன்னும் இரண்டு பேர். அவர்களும் வரவில்லை.

ஆனாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை. கடிதம் எழுதினால் பதில் வருகிறது. இதுவே எனக்குப் புதுசு.

உன் அப்பா,
சிங்காரம்


விழுப்புரம்,
19.10.2025

அவர்களுக்கு,

மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நண்டு வளை பற்றி எழுதியிருந்தீர்கள். நாவலில் அந்த வரி இருப்பதே எனக்கு நினைவில் இல்லை. வேறொருவரிடம் கடன் வாங்கித் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. இத்தனை தடவை படித்தும் என் கண்ணில் அது படவே இல்லை. நான் எப்போதும் கரையில் நின்றேதான் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறேன்.

அதற்காக ஏதும் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே எங்கள் கூட்டத்தில் பெரிய கலவரம். படத்தில் முடிவை மாற்றப் போவதாக டைரக்டர் பேட்டி கொடுத்திருக்கிறார். புத்தகத்தில் என்ன முடிவு என்று நான் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். ஆனால் படத்தின் முடிவைச் சொல்கிறேன். படத்தில் மகள் வருகிறாள். அப்பா காலில் விழுகிறாள். ஏரி வழிகிறது. பாட்டு.

ராயப்பன் சார் கொதித்துப் போய்விட்டார். "இத்தன வருஷமா நாம படிச்ச பொண்ணு இவ இல்ல. இவ யாரோ" என்றார். எல்லா ஊர் வாசகர்களும் சேர்ந்து, முடிவை மாற்றாதீர்கள் என்று டைரக்டருக்கு எழுதியிருக்கிறோம். இங்கிருந்து போன கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். செந்தாமரை வரக்கூடாது. அந்த ஊரில் அவளை யாரும் வா என்று கூப்பிடவில்லை. ஏரிதான் நிரம்பியது.

இன்னொன்று. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஜெசிந்தா. ஏழாவது படிக்கிறாள். அவளும் அந்த நாவலைப் படித்துவிட்டு, ஷூட்டிங் பார்க்க வேண்டும் என்று குதிக்கிறாள். ராயப்பன் சார் எப்படியோ இடத்தைக் கண்டுபிடித்து, வேன் பேசிக்கொண்டிருக்கிறார். எனக்கு அன்று டியூட்டி இருக்கும். இல்லாவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

அவளுக்கு உங்களைத் தெரியாது. அம்மாவின் அப்பா எங்கே என்று சின்ன வயதில் கேட்டாள். செத்துப்போய்விட்டார் என்று சொன்னேன். உங்களுக்கு மட்டும்தான் ஆளைச் சாகடிக்க வருமா?

இந்த வரியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

அருணா


ஒலக்கூர்,
14.12.2025

அன்பு மகள் அருணாவுக்கு,

உனக்குப் பெண் பிறந்தது எனக்குத் தெரியும். பெயர் தெரியாது. ஜெசிந்தா. இங்கே எழுதிப் பார்த்தேன். கொம்பும் புள்ளியும் கொக்கியுமாகக் கஷ்டமான பெயர்தான். அழகாக வந்துவிட்டது.

நீ அவளிடம் சொன்னது சரிதான். அதைப் பற்றி நான் ஒன்றும் பேசமாட்டேன். எனக்கு இப்போது சொல்ல வேண்டியது வேறு. சந்தோஷமான சங்கதி. மெதுவாக எழுதுகிறேன்.

ஏரி நிரம்பியது. சினிமாக்காரர்கள் வந்தார்கள். ஏழுமலையாக நடிக்கிறவருக்குச் சளிக் காய்ச்சல், தண்ணீரில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலை முழுகுகிற காட்சியில் முதுகுதான் தெரியுமாம், தூரத்திலிருந்து எடுப்பார்களாம். டைரக்டர் பெண் என்னைப் பார்த்தது. "ஐயா, உங்க ஒடம்பும் அவரு ஒடம்பும் ஒரே மாதிரி இருக்கு. ஏறங்குறீங்களா?" என்றது. இதை எப்படிச் செய்வார்கள் என்று அதற்குச் சரியாகத் தெரியவில்லை. நான்தான் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன். எந்தப் பக்கம் பார்த்து நிற்பது, பானையை எப்போது விடுவது, துண்டை எப்படி விட்டால் மிதந்து போகும், எல்லாம்.

தமிழ்மணி ஓடி வந்தான். "உனக்கு அறிவு கீதா? ஊரே சிரிக்கிது, ஜல்தி மேல வா" என்று கத்தினான். கோவிந்தம்மாள் அவனிடம், "நீ போடா. எங்க கிளாஸ்லேர்ந்து மொத மொதல்ல ஒருத்தர் சினிமாவுக்குப் போறாரு" என்றாள். ஊரே கரையில் நின்றது. பங்காளிகள், சீனுவாசன் எல்லோரும் நின்றார்கள். விழுப்புரத்திலிருந்து உங்கள் ஆட்களும் வேனில் வந்திருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீ இல்லை.

இறங்கினேன். முழுகினேன். எடுத்து முடித்ததும் ஒரு சின்ன டிவியில் போட்டுக் காட்டினார்கள். என் முதுகை நான் இதுவரை பார்த்ததே இல்லை. கிழவன் முதுகு. பிறகு அந்த டிவியை ஓட்டுகிற வேறொரு பெண் ஏதோ திருப்பியது. படம் பின்பக்கமாக ஓட ஆரம்பித்தது.

அருணா, நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். நான் கரையிலிருந்து பின்னாலேயே நடந்து தண்ணீருக்குள் போகிறேன். தூரத்தில் போய்க்கொண்டிருந்த துண்டு மிதந்து மிதந்து என்னிடம் வந்து, கைக்கு ஏறித் தோளில் உட்காருகிறது. உடைந்து கிடந்த பானை ஓடுகள் தண்ணீரிலிருந்து எழும்பி ஒன்றுகூடுகின்றன. முழுப் பானை! என் தலையிலிருந்த தண்ணீர் எல்லாம் ஏரிக்கே திரும்பிப் போகிறது. தலை காய்ந்துவிடுகிறது. காய்ந்த தலையோடு நான் கரை ஏறி ஊர்ப் பக்கமாகப் போய்விடுகிறேன். முழுகவே இல்லை.

"இன்னொரு தடவ போடும்மா" என்றேன். போட்டது. சீனுவாசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்துக்கோ. பானைய நீதான எடுத்துக் குடுத்த? ஒட்டிக்கிச்சு பாரு" என்றேன். சடங்கு இல்லை என்று சொன்னானே, ஊர் பார்க்கத் திருப்பியாகிவிட்டது. பங்காளிகள் கண்ணாலேயே பார்த்தார்கள். இனி உன்னை வரக்கூடாது என்று யார் சொல்ல முடியும்?

இன்னும் கேள். உங்கள் வேனில் வந்த ஒரு சின்னப் பெண், இரட்டைப் பின்னல், என்னிடம் ஓடி வந்தது. "நீங்கதான் செந்தாமரையோட அப்பாவா?" என்று கேட்டுப் புத்தகத்தை நீட்டியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கைநாட்டு வைத்த கைக்கு ஆட்டோகிராப்!

புத்தகத்தில் கடைசிக் கொஞ்சப் பக்கம்தான் மிச்சம். நீ பொங்கலுக்கு வா. சேர்ந்து முடிக்கலாம்.

உன் அப்பா,
சிங்காரம்


விழுப்புரம்,
4.1.2026

அப்பா,

இப்படிக் கூப்பிட்டுத் திட்டினால்தான் எனக்குத் திட்டியதுபோல இருக்கும். அதனால் கூப்பிடுகிறேன்.

அந்த இரட்டைப் பின்னல் ஜெசிந்தா. வீட்டுக்கு வந்ததும், ஷூட்டிங்குக்கு முன் அவளுக்கென்று வாங்கிய புத்தகத்தைத்தான் முதலில் காட்டினாள். முதல் பக்கத்தில் 'சிங்காரம்' என்று கோணல்மாணலாக இருந்தது. என் மாமியார், என் கணவர், பக்கத்து வீடு என்று எல்லோருக்கும் காட்டினாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். "அந்தத் தாத்தா சூப்பரா நடிச்சாரும்மா. நெஜமாவே பண்ற மாதிரி இருந்துச்சு. நாங்கல்லாம் கைதட்டினோம்" என்றாள்.

கைதட்டினாள், அப்பா. நீங்கள் என்னைத் தலை முழுகியதைப் பார்த்து என் மகள் கைதட்டியிருக்கிறாள்.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபத்தில் செய்தீர்கள் என்று ஒருமுறை என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இந்த முறை சந்தோஷமாகச் செய்திருக்கிறீர்கள். எப்படி நிற்பது, எப்படிப் பானையை விடுவது என்று சொல்லிக் கொடுத்துச் செய்திருக்கிறீர்கள். எதையும் மறக்கவில்லை. டைரக்டர் கேட்டபோது, எனக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரவில்லையா உங்களுக்கு?

பின்பக்கமாக ஓடிய படத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்லது. பானை ஒட்டிக்கொண்டது, துண்டு வந்துவிட்டது. அந்தப் படத்தில் வண்டி திரும்பி வந்து என்னையும் ஏற்றிக்கொண்டதா? அம்மாவின் கண்ணை நான் திறந்தேனா? கடைசி நாள் அவள், "அப்பா வந்துட்டாரா, ஒன்ன பாத்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வந்தார், பேசினோம் என்று பொய் சொன்னேன். நீங்கள் அப்போது கீழே கேட் ஓரத்தில்தான் நின்றிருந்தீர்கள்.

அது பொத்தானை அழுத்தினால் நடப்பது. அடுத்த நொடியே முன்பக்கமாக ஓட விடுவார்கள். தியேட்டரில் அப்படித்தான் ஓடும். ஊர் ஊராக, ஒவ்வொரு காட்சிக்கும் நீங்கள் என்னை முழுகிக்கொண்டே இருப்பீர்கள்.

பொங்கலுக்கு வரமாட்டேன். அதற்குப் பிறகும் வரமாட்டேன். அந்தத் தாத்தா யார் என்று ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவள் புத்தகத்திலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். என்னால் முடியவில்லை. அது உங்கள் கையெழுத்து என்பதால் அல்ல, அது அவளுடைய புத்தகம்.

இனி ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டாம்.

அருணா


ஒலக்கூர்,
22.3.2026

அருணாவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். புத்தகத்தை அனுப்ப வேண்டும். கட்டுக்குள் ஒரு தாளை வைக்கிறேன், அவ்வளவுதான். இதற்குப் பதில் வேண்டாம்.

முடித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் ஏரி கோடி போகிறது. ஊரே கரையில் நிற்கிறது. பஸ் வருகிறது. எல்லோரும் இறங்குகிறார்கள். பஸ் போய்விடுகிறது. பக்கத்தைத் திருப்பினேன். அச்சகத்தின் விலாசமும் விலையும் இருந்தன. கதை அதற்குப் பிறகு எங்கேயாவது இருக்குமோ என்று அதையும் படித்தேன்.

நீங்கள் எல்லோரும் எழுதியதற்குப் பலன் கிடைத்துவிட்டது. படத்திலும் அதே முடிவுதானாம். டைரக்டர் பெண் மறுபடி வந்து பஸ் காட்சியை எடுத்தது. இறங்குகிற கூட்டத்தில் கோவிந்தம்மாளும் ஒருத்தி. பவுடர் பூசிக்கொண்டு எட்டுத் தடவை இறங்கினாள். "பாத்தியா மாமா, நீ முதுவு, நான் மொகம்" என்றாள். நான் சிரித்தேன். படிக்கத் தெரியாமல் இருந்தால் இன்னும்கூட அந்தப் பஸ்ஸில் செந்தாமரை வருவாள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். ஆனாலும் படித்தது நல்லதுதான். அதில் எனக்கு வருத்தமில்லை.

உன் கடிதத்தைப் பற்றி எழுத நிறைய யோசித்தேன். டைரக்டர் கேட்டபோது ஏன் மறுக்கவில்லை என்று கேட்டிருந்தாய். எனக்கு வேண்டாம் என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு காரியத்தை ஒருவர் மரியாதையாகக் கேட்டார், செய்தேன். அவ்வளவு மட்டமான புத்தி எனக்கு.

ஜெசிந்தாவிடம் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். செத்தவன் கையெழுத்துப் போட்டான் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். கோணலாக இருக்கிறது என்றாய். ஈரக் கையோடு போட்டது.

புத்தகத்தில் சில இடங்களில் பென்சிலால் கோடு இருக்கும். புரியாத வார்த்தைகளுக்குப் போட்டேன். அழித்துவிடு.

ஒன்று மட்டும் முன் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். அன்று ஏரியில் என்னை இரண்டு முறை முழுக வைத்தார்கள். முதல் முறை முழுகிக் கரை ஏறும்போது, பாதியில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டேன். உங்கள் வேன் நின்ற பக்கம். உடனே கத்தி நிறுத்திவிட்டார்கள். "ஐயா, ஏழுமலை திரும்பமாட்டாரு, நீங்கதான சொன்னீங்க" என்றது டைரக்டர் பெண். தலையைத் துவட்டி, வேறு வேட்டி கொடுத்து, வேறு பானையும் கொடுத்து மறுபடி இறக்கினார்கள். இரண்டாம் முறை சரியாகச் செய்தேன். உனக்கு எழுதியது அதைத்தான். படத்தில் வரப்போவதும் அதுதான்.

திரும்பினதை என்னம்மா செய்வீங்க என்று கேட்டேன்.

"அது வேஸ்ட் ஐயா. அழிச்சிடுவோம்" என்றது.

சிங்காரம்